"எல்லாம் யூடியூபில இருக்கு" என்று சொல்லிக் கை கழுவாதீர்கள்!

 

பதிவு கொஞ்சம் நீளம். ஓ/எல், ஏ/எல் எழுதிய பிள்ளை வீட்டில் இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு அப்படிப்பட்டவர்களுக்கு அனுப்பி விடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிந்ததும் ஹாலிஎலயிலும் சுற்றுவட்டத்திலும் நடக்கிற விஷயம் இது. கொம்பியூட்டரில் விருப்பமுள்ள ஒரு பிள்ளை பெரியவர்களிடம் வந்து, "சொஃப்ட்வெயார் படிக்க ஆசை, எங்கே தொடங்குவது?" என்று கேட்கிறது. கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "எல்லாம் யூடியூபில இருக்கு மகன். பார்த்துப் படி."

கேட்க நல்ல புத்திமதி மாதிரி இருக்கிறது. ஆனால் காய்ச்சலோடு வந்தவனைப் பார்த்து, "மருந்தெல்லாம் பாமசியில இருக்கு, போய் எடுத்துக்கொள்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாமசியில் மருந்து இருப்பது உண்மைதான். எந்த மருந்து, எத்தனை வேளை, எதற்குப் பிறகு எது என்று சொல்ல ஆள் வேண்டாமா? பிள்ளைகளோடு தினமும் இருக்கிற ஆசிரியர்களாகிய நாங்கள் வெளிப்படையாகவே சொல்கிறோம்: இந்தப் பதில் மரியாதையான முறையில் பிள்ளையைக் கைவிடுவது.

பிள்ளை தேடும்போது என்ன நடக்கிறது?

யூடியூபில் "பைதன் தமிழ்" என்று அடித்துப் பாருங்கள். பக்கம் பக்கமாக வரும். மேலே வருவதுதான் நல்லது என்று பிள்ளை நினைக்கிறது. ஆனால் 2012 முதல் யூடியூப் ஒரு காணொளியை மேலே கொண்டுவரும்போது, ஆட்கள் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு முக்கிய இடம் கொடுக்கிறது. பார்த்தவனுக்கு ஏதாவது விளங்கியதா என்பதை அளக்க அதனிடம் வழி இல்லை. முன்பு பிடிக்கவில்லை என்று எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதாவது தெரியும். 2021 நவம்பரில் அந்த எண்ணிக்கையையும் மறைத்து விட்டார்கள். கீழே உள்ள கருத்துகளைக் காணொளி போட்டவரே அழிக்கலாம். ஆக, புதிதாக வருகிற பிள்ளைக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய அந்தத் திரையில் நம்பகமான அடையாளம் எதுவும் இல்லை.

இதற்கு மேல் டேட்டா பிரச்சினை. 2022 செப்டம்பரில் மொபைல் கட்டணம் 20 வீதத்தால் கூடியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. தெளிவான தரத்தில், அதாவது 720பி யில், ஒரு மணித்தியாலம் பார்த்தால் சுமார் ஒரு ஜிபி போகும். டேட்டாவை மிச்சம் பிடிக்க 144பி க்கு இறக்கினால் சினிமாப் பாட்டு பார்க்கலாம். செய்நிரல் பார்க்க முடியாது. அரைப்புள்ளியா முக்காற்புள்ளியா என்று தெரியாது. அந்த ஒரு புள்ளி பிழைத்தால் செய்நிரல் ஓடாது. கொழும்பில் வைஃபையில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு மோசமான காணொளி ஒரு மணித்தியால நட்டம். கெட்டவலையிலோ உனகொல்லையிலோ லயத்துக்கு வெளியே சிக்னல் பிடிக்கிற மூலையில் அண்ணனின் போனை வாங்கி வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு அது அந்த வாரத்து டேட்டா முழுவதும். இரண்டு பேரையும் பார்த்து "யூடியூபில இருக்கு" என்று ஒரே பதிலைச் சொல்வது நியாயமா?

லிங்க் அனுப்புகிற நல்லவர்களுக்கு

வட்ஸ்அப் குழுக்களில் "200 இலவச கோஸ்கள், எல்லோருக்கும் பகிருங்கள்" என்று ஒரு பட்டியல் மாதா மாதம் சுற்றுகிறது. அனுப்புகிறவரின் நிய்யத் நல்லதுதான். ஆனால் வழி தெரியாத பிள்ளையிடம் 200 கதவைக் காட்டினால் அது எந்தக் கதவையும் திறக்காது. ஒன்றில் பத்து நிமிடம், இன்னொன்றில் பத்து நிமிடம், பிறகு வேறு மொழி, பிறகு வேறு ஆசிரியர். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் "எல்லாம் பார்த்தேன் சேர்" என்கிறது. ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து எழுதச் சொன்னால் விரல் ஓடவில்லை.

இது எங்கள் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-13 இல் இணையத்தில் முதன்முதலாக நடத்திய 17 பாடநெறிகளில் 8 இலட்சத்து 41 ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. சான்றிதழ் வரை போனவை சுமார் 43 ஆயிரம். நூற்றுக்கு ஐந்து! உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் இலவசமாகக் கொடுத்ததே இந்தக் கதி என்றால், பாடம் கிடைப்பது மட்டும் போதாது என்பது விளங்க வேண்டும். தெரிவு செய்து கொடுக்க ஒருவரும், கூட இருந்து படிக்க நாலு பேரும் வேண்டும்.

எங்கள் ரயில் பாதையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பதுளையிலிருந்து ஹாலிஎல தாண்டிப் போகிற ரயில் தெமோதரையில் ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு மேலே வந்து சேர்கிறது. செய்நிரலில் லூப் என்பதும் இப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று மாற வேண்டும். ஒரு கட்டத்தில் வெளியே வர வேண்டும். மாறாவிட்டால் அது முடியாத லூப். காணொளி மாற்றிக் காணொளி பார்த்துக்கொண்டு, கையால் ஒரு வரியும் எழுதாத பிள்ளை அப்படிப்பட்ட லூப்பில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

காசு பறிப்பவர்கள் பற்றி

நாம் பட்டியல் கொடுக்காத இடத்தில் வேறு ஆட்கள் வந்து நிற்கிறார்கள். "மூன்று மாதத்தில் சொஃப்ட்வெயார் இன்ஜினியர்", "வேலை உத்தரவாதம்", "இன்று பதிந்தால் பாதி விலை". பெயர் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். உம்மாவின் காப்பை அடகு வைத்துக் கட்டிய கோஸில் பிள்ளைக்குக் கிடைத்தது, இணையத்தில் இலவசமாக உள்ள பாடமும் ஒரு பளபளப்பான சேர்ட்டிபிகேட்டும் என்ற கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. காசு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறீர்களா? பதிவு இலக்கம் என்ன?" பதில் இழுபட்டால் எழும்பி வாருங்கள்.

நல்ல காணொளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளையும் பார்க்கலாம், கொம்பியூட்டர் தெரியாத வாப்பாவும் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

1. தலைப்பில் சம்பளம் இருக்கிறதா? "மாதம் இவ்வளவு இலட்சம்" என்று தொடங்கினால் விடுங்கள். அது விளம்பரம்.

2. தொடராக இருக்கிறதா? ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு, முடிவு வரை போட்டிருக்க வேண்டும். பாதியில் நின்ற தொடர் பாதியில் நின்ற பஸ் மாதிரி.

3. சொல்லிக் கொடுப்பவர் நம் கண் முன்னால் எழுதுகிறாரா? எழுதும்போது பிழை வருகிறதா? வந்தால் அதை மறைக்காமல், திரையில் வந்த பிழைச் செய்தியை வாசித்துத் திருத்திக் காட்டுகிறாரா? அப்படிப்பட்டவர் ஆசிரியர். ஆயத்தமாக எழுதி வைத்ததை ஒட்டி, ஓட விட்டு, "பார்த்தீங்களா" என்பவர் வித்தை காட்டுபவர்.

4. பயிற்சி கொடுக்கிறாரா? ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "இதை நீங்களே செய்து பாருங்கள்" என்று ஒன்று இருக்க வேண்டும்.

5. எழுத்து பெரிதா? 360பி யில் போன் திரையில் வாசிக்க முடியாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அது உதவாது.

6. திகதி என்ன? இதில் நிதானம் வேண்டும். அடிப்படைப் பாடங்கள் பழையவையானாலும் கெடுவதில்லை, கருவிகள்தான் கெடும். பைதன் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி போடாமல் எழுதிக் காட்டினால் அது அந்தப் பழைய பைதன், விட்டு விடுங்கள். ரியாக்ட் படிக்கிறவர்கள் வருடக்கணக்காகப் பாவித்த "கிரியேட் ரியாக்ட் அப்" 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அதில் தொடங்குகிற காணொளி முதல் நாளே பிள்ளையைக் குழப்பும். ஆனால் சி மொழி, தரவுத்தளம், தரவுக் கட்டமைப்பு போன்றவற்றில் பத்து வருடப் பழைய நல்ல விரிவுரை, நேற்று வந்த மோசமானதை விட மேல்.

எங்கள் சிபாரிசு

200 அல்ல. விரல் விட்டு எண்ணக்கூடியவை.

ஓ/எல் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் பஸ்கால், ஏ/எல் ஐ.சி.டி. பிள்ளைக்குப் பைதன். தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் சி பிளஸ் பிளஸும் பைதனும்தான். ஆகவே பஸ்காலைத் தமிழில் தேடினால் பெரும்பாலும் நம் நாட்டு ஆசிரியர்களின் காணொளிதான் கிடைக்கும். பைதனுக்குத் தமிழ்நாட்டுக் காணொளிகளையும் பார்க்கலாம். அவர்கள் "நிரல்" என்பது நம் "செய்நிரல்". பஸ்கால் பழையது என்று சிரிக்கிறவர்களுக்கு: 1970 இல் மாணவர்களுக்கு ஒழுங்காகச் சிந்திக்கச் சொல்லிக் கொடுக்கவே உருவாக்கப்பட்ட மொழி அது. அதில் லூப் விளங்கியவனுக்கு எந்த மொழியிலும் லூப் விளங்கும்.

தமிழில் முதல் அடி வைக்க: மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். பக்கத்தில் செய்நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, காட்டுவதை நிறுத்தி நிறுத்தித் தானும் செய்து பார்க்கிற முறையில் தயாரித்தவை. லினக்ஸ், சி, ஜாவா, பைதன், பிஎச்பி போன்றவற்றில் தமிழ்க் குரலில் உள்ளன. சில தொடர்கள் பழைய பதிப்பில் இருக்கின்றன. மேலே சொன்ன ஆறாவது விதியைப் பாருங்கள். யூடியூபில் டியூட்டர் ஜோஸ், எரர் மேக்ஸ் கிளெவர் இரண்டும் தமிழில் வரிசையாகப் போகிறவை. வாசிக்க விரும்புகிறவர்களுக்கு, 2012 இல் தொடங்கிய கணியம் தளத்தில் "எளிய தமிழில்" என்ற வரிசையில் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. காணொளியை விட நூலுக்கு டேட்டா மிகக் குறைவு. இதை யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

அடுத்த படி, நம் நாட்டிலேயே: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த இணையக் கற்கைத் தளம். முழு இணையத்தள வேலையையும் படிப்படியாகச் சொல்லும் ஆறு பாடநெறிகள், இலவசம், சான்றிதழோடு. பைதனிலும் இணையப் பக்க வடிவமைப்பிலும் தொடங்குகிறது.

ஆங்கிலம் ஓரளவு ஓடுகிற பிள்ளைக்கு: ஹார்வர்டின் சிஎஸ்50. ஸ்க்ராட்ச்சில் தொடங்கி, சி, பைதன், தரவுத்தளம், இணையத்தளம் என்று ஏறுகிறது. ஒவ்வொரு வாரமும் கொடுக்கிற கணக்கு கடினம். அதுதான் அதன் பெறுமதி. 2014 இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப்பும் முழுக்க இலவசம். பல்கலைக்கழகம் போக ஆயத்தமாகிறவர்கள் இந்தியாவின் என்.பி.டி.இ.எல். தளத்தில் மாதவன் முகுந்த் அவர்களின் பைதன், தரவுக் கட்டமைப்பு விரிவுரைகளைப் பாருங்கள்.

ஒன்றைத் தெரிவு செய்தால் அதை முடிக்காமல் மற்றதைத் திறக்காதீர்கள்.

லெப்டொப் இல்லை என்பது தொடங்காமல் இருக்கக் காரணமல்ல. பைட்ராய்ட் 3 என்ற அப்பை அன்ட்ராய்ட் போனில் போட்டால் இணையம் இல்லாமலே பைதன் எழுதி ஓட்டலாம். சின்னத் திரை, விரல் வலிக்கும், ஆனாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும்.

வரப்போகிற மறுப்புகள்

"தமிழில் படித்தால் வேலைக்கு உதவாது, ஆங்கிலத்திலேயே பார்க்கட்டும்." வேலையின் மொழி ஆங்கிலம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு புதிய விஷயத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். லூப் என்றால் என்ன என்பது தாய்மொழியில் விளங்கட்டும். பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் பார்த்தால் ஆங்கிலமும் சேர்ந்து வரும். சிங்களம் நன்றாகத் தெரிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. சிங்களத்தில் நல்ல தொடர்கள் நிறைய. மூன்று மொழி கேட்கத் தெரிந்த பிள்ளையை ஒரு மொழிக்குள் அடைக்க வேண்டாம்.

"இனி ஏ.ஐ. எழுதித் தரும், படித்து என்ன பயன்?" கல்குலேட்டர் வந்த பிறகும் கடைக்காரர் கணக்குத் தெரிந்துதான் வைத்திருக்கிறார். இயந்திரம் எழுதித் தந்ததில் பிழை எங்கே என்று பார்க்கத் தெரியாதவனுக்கு யாரும் சம்பளம் கொடுக்க மாட்டார்கள்.

"குமர்ப் பிள்ளை கையில் போனைக் கொடுக்க முடியாது." இதைக் கேட்டுத்தான் எங்களுக்கு அதிகம் மனவேதனை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைகளில் பலர் பெண் பிள்ளைகள். ஏ/எல் முடிந்ததும் நானாவுக்கு லெப்டொப், தங்கச்சிக்கு அடுப்படி. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்களில் இது ஒன்று என்று தெரிந்துகொண்டே அந்த வாசலை அவளுக்கு மட்டும் பூட்டுகிறோம். பயம் போனைப் பற்றியது என்றால், பகலில், நாலு பெண் பிள்ளைகள் சேர்ந்து, ஒரு ஆசிரியை முன்னிலையில், பெரிய திரையில் பார்க்கட்டும். அதற்கும் மறுப்பு இருந்தால், பிரச்சினை போன் அல்ல என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம்.

"பல்கலைக்கழகம் கிடைக்காதவனுக்கு இதெல்லாம் எதற்கு?" அவனுக்குத்தான் முதலில் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000 ஆம் ஆண்டிலிருந்து பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. வீட்டிலிருந்து சுயமாகப் படித்துப் பரீட்சை எழுதலாம். நல்ல காணொளியும் ஒழுங்கான படிப்பும் ஒரு பட்டம் வரை கொண்டு போகும் என்பதற்கு இதை விட என்ன வழி வேண்டும்?

நாம் கேட்பது

பெற்றோரிடம்: வாரத்தில் மூன்று நாள், ஒரு மணித்தியாலம், பிள்ளையிடம் போனை முழுதாகக் கொடுங்கள். "என்ன பார்த்தாய்?" என்று கேட்க வேண்டாம். "என்ன செய்தாய், காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, அது ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

பாடசாலை நிர்வாகங்களிடம்: எங்கள் வலயத்தில் கொம்பியூட்டர் அறைகள் இருக்கின்றன. இரண்டு மணிக்குப் பிறகு அவற்றில் பெரிய பூட்டு. சாவி யாரோ ஒருவரின் அலுமாரிக்குள். இயந்திரம் பாவித்துப் பழுதானால் திருத்தலாம். பூட்டி வைத்துத் தூசியில் பழுதான இயந்திரத்தால் ஒரு பிள்ளையும் படித்ததில்லை. வாரத்தில் ஒரு பின்நேரம் திறந்து விடுங்கள். பொறுப்பாக நிற்க ஆசிரியர்கள் நாங்கள் ஆயத்தம்.

பள்ளி நிர்வாகத்திடமும் கோயில் பரிபாலன சபைகளிடமும்: ஒரு அறை, ஒரு திரை, ஒரு மின் இணைப்பு. நம் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்று பிரிக்காமல் சனிக்கிழமை காலையில் எல்லோரும் வரட்டும்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ளவர்களிடம்: ஒரு பென்டிரைவ் நூலகம் தொடங்குவோம். சிஎஸ்50, எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்கள், ஸ்போக்கன் டியூட்டோரியல் இவற்றைத் தரவிறக்கிப் படிப்புக்காகப் பகிர அவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். களவு இல்லை, ஒளிவு மறைவு இல்லை. நீங்கள் ஒரு முறை இறக்கினால் லயத்திலுள்ள முப்பது பிள்ளைகள் டேட்டா இல்லாமல் பார்க்கும்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி தங்கைகளிடம்: 2005 இல் அந்தப் பல்கலைக்கழகம் பதுளைக்கு வந்தது நம் மாகாணத்துக்காக. மாதம் ஒரு சனிக்கிழமை ஹாலிஎலவுக்கு வாருங்கள். பாடம் நடத்தத் தேவையில்லை. பிள்ளை மாட்டிக்கொண்ட இடத்தில் பக்கத்தில் இருந்து "இந்தப் பிழைச் செய்தியை வாசி" என்று சொன்னால் போதும்.

லிங்க் அனுப்புகிறவர்களிடம்: அனுப்புவதற்கு முன் முதல் மூன்று பாடத்தை நீங்களே பாருங்கள். பார்க்க நேரமில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

இந்தப் பதிவுக்கு "மாஷா அல்லாஹ், அருமை சேர்" என்று எழுத வேண்டாம். அறை தர முடிந்தவர் "அறை" என்றும், தரவிறக்க முடிந்தவர் "ஃபைபர்" என்றும், வந்து நிற்க முடிந்தவர் "சனிக்கிழமை" என்றும் கீழே எழுதுங்கள். பிள்ளையை அனுப்ப விரும்புகிற உம்மா வாப்பா, அம்மா அப்பா இன்பொக்ஸில் சொல்லுங்கள். எத்தனை பேர் என்று தெரிந்ததும் முதல் சனிக்கிழமையை அறிவிக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.